ரெண்டாவது அடுப்பு

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் நான் கண்ணால் பார்த்தது இரண்டு அடுப்புகளை மட்டும்தான்.

போன ஐப்பசியில் புதுக்கோட்டையில் ஒரு குளக்கரை வழியே சைக்கிளில் போனபோது மழை பிடித்துக்கொண்டது. பர்மாவிலிருந்து கப்பலேறி வந்தவர்கள் புறம்போக்கில் குடிசை போட்டிருந்தார்கள். ஒன்றில் ஒதுங்கினேன். ஒரு பாய் விரித்தால் தீர்ந்துபோகும் இடம். அதற்குள் ஆளுக்கொரு மூலையில் இரண்டு பெண்கள், முதுகைக் காட்டிக்கொண்டு, தனித்தனியாக உலை வைத்திருந்தார்கள். ஒரே முகச்சாயல். மழை விடும்வரை ஒருத்தியோடு ஒருத்தி பேசவில்லை. மற்றதெல்லாம் என் கைச்சரக்கு.

2.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "ரங்கூன் துறைமுகத்தில் கப்பல் ஊதியபோது அழகம்மாள் தன் தங்கையின்..."

வேண்டாம். அந்தக் கப்பலை நான் பார்த்ததில்லை. (கப்பலில் தொடங்கினால் பத்திரிகைக்காரர்களுக்குப் பிடிக்கும். பிடித்துவிட்டுப் போகட்டும்.)

அக்கா அழகம்மாள். விதவை. பெற்ற இரண்டும் தங்கவில்லை. தாயில்லாத தங்கை அழகியை இடுப்பில் சுமந்து வளர்த்தவள். அழகிக்குப் புருஷன் ராக்கன், சந்தையில் மூட்டை தூக்குகிறான். கைக்குழந்தை ஒன்று.

வந்தவர்களுக்குச் சர்க்காரில் மாதாமாதம் கையில் பணம் கொடுத்தார்கள், குடும்பத்துக்கு ஒரு பங்கு. குடும்பம் என்றால் எது என்று ராக்கன் கேட்டான். பணம் பட்டுவாடா செய்யும் குமாஸ்தா, "ஒரு அடுப்பு எரிஞ்சா ஒரு குடும்பம். அவ்வளவுதாங்க" என்றார்.*

ராக்கன் அன்றைக்கே குளத்து மண்ணைக் குழைத்து ரெண்டாவது அடுப்பைப் போட்டான். இரண்டிலும் பொங்கி, ஒரே தட்டில் போட்டுத் தின்றார்கள். சிரித்துக்கொண்டேதான் தின்றார்கள்.

(* இந்த விதி என் கற்பனை. நிஜ விதி என்னவென்று எனக்குத் தெரியாது.)

3.

யாரோ போட்டுக்கொடுத்துவிட்டார்கள். விசாரித்துவிட்டுத்தான் அடுத்த மாதப் பணம் என்று சொல்லிவிட்டுக் குமாஸ்தா போனார். ராக்கன் பயந்துபோனான்.

"மதினி, அடுப்பு மட்டும் பத்தாது. நீங்க ரெண்டு பேரும் தெருவே கேக்குற மாதிரி சண்ட போடுங்க."

மறுநாள் காலையில் வாசலில் தொடங்கினார்கள்.

"ஒன் அடுப்புப் பக்கம் நான் வாரேனாடி?" அழகம்மாளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. குழந்தை வேறு அவள் இடுப்பில்.

"வராத! இங்கிட்டு எட்டிக்கூடப் பாக்காத!"

இந்த இடத்தில் என் பேனா நின்றுவிட்டது. தெரு நம்ப வேண்டும். அதற்கு ஒரு வார்த்தை தேவைப்பட்டது. அழகி வாயில் வைத்து எழுதினேன்:

"எம்புள்ளயக் கீழ விடு. ஒங் கையில எந்தப் புள்ள தங்குச்சு?"

தெரு நம்பியது. பணம் வந்தது. அழகம்மாள் குழந்தையைக் கீழே விட்டாள்.

4.

அந்த வரியை அடித்துவிட்டேன். அடித்து என்ன செய்ய? அழகம்மாள் காதில் விழுந்துவிட்டதே. அன்றிலிருந்து அவள் குழந்தையைத் தொடவில்லை. ரெண்டாவது அடுப்பில் தனக்கு மட்டும் பொங்கினாள்.

ஒரு முடிவு வைத்திருந்தேன்: பங்குனியோடு பணம் நிற்கிறது, அக்காளும் தங்கையும் அந்த அடுப்பை இடித்துவிட்டு... எழுத எழுத அழகம்மாள் எழுந்திருக்கவேயில்லை. பணம் நின்றது மட்டும் நடந்தது.

"இனி எதுக்கும்மா ரெண்டு அடுப்பு?" என்று குமாஸ்தாவே கேட்டார்.

"பழகிப்போச்சுங்க."

இன்னொரு முடிவில் அழகம்மாள் செத்துப்போகிறாள், அழகி விழுந்து அழுகிறாள். அதைக் கிழித்துப் போட்டேன். அது அழகிக்கு மட்டும் ஆறுதல்.

5.

இப்போது மழை பெய்கிறது. அழகி தட்டில் சோறு போட்டு எடுத்துக்கொண்டு அக்காவின் முதுகுக்குப் பின்னால் நிற்கிறாள். அவள் சொல்ல வேண்டியது எனக்குத் தெரியும்: "ஒங் கையில தங்குன புள்ள நான் இருக்கேன்லக்கா."

அதை நான் எழுதமாட்டேன். தங்கை வாயில் ஒருமுறை வார்த்தை வைத்தவன் நான். இதையும் யாரோ சொல்லிக்கொடுத்தது என்றுதான் அழகம்மாள் நினைப்பாள்.

நீங்கள் வேண்டுமானால் அழகிக்காகச் சொல்லிப் பாருங்கள். சீக்கிரம் சொல்லுங்கள், சோறு ஆறிக்கொண்டிருக்கிறது.