துணையோடு படிக்கிறாள்

"இன்னிக்கு ஒரு சார் வருவாரு. படின்னு சொல்லுவாரு. நீ படிக்காத. சும்மா உக்காந்திரு. சரியா, எறும்பு?"

மகளுக்குத் தலை பின்னிக்கொண்டே மனைவி இதைச் சொன்னாள். பக்கத்தில் சீருடைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த அவன், பெட்டியை நிமிர்த்தி வைத்தான்.

"என்ன சொல்லிக்குடுக்கற நீ?"

"காதுல விழுந்துச்சில்ல? அதான்."

"பொய் சொல்லக் கத்துக்குடுக்கறியா?"

"பொய் எங்க சொல்லச் சொன்னேன்? வாயத் தொறக்காதன்னுதானே சொன்னேன்."

எட்டு வயது மகளுக்கு வீட்டில் கட்டெறும்பு என்று பெயர். ஒரு பொருள் வேண்டுமென்றால் நேராக அதை நோக்கிப் போவாள். குறுக்கே யார் நின்றாலும் விலக மாட்டாள். பேச்சு குறைவு. சத்தம் என்றால் ஆகாது. வகுப்பில் நாற்பது பேர் ஒரே நேரத்தில் புத்தகப்பையைத் திறந்தாலே காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கு அடியில் போய்விடுவாள். இரண்டு வருடமாக ஒரு துணை ஆசிரியை அவள் பக்கத்திலேயே உட்காருகிறார். அவருக்குச் சம்பளம் தருவது வட்டாரக் கல்வி அலுவலகம். வருடத்துக்கு ஒருமுறை அங்கிருந்து ஓர் அதிகாரி வந்து பிள்ளையைப் பார்ப்பார். துணை தொடருமா, நிற்குமா என்பது அவர் எழுதுவதில் இருக்கிறது. இன்றைக்கு அந்த நாள்.

"தையக்காரர் வீட்டுப் பையன் கத என்னாச்சு?" மனைவி ரிப்பனை இழுத்து முடிச்சுப் போட்டாள். "போன வருஷம் வந்தவங்க முன்னாடி கடகடன்னு வாசிச்சுக் காட்டினான். அவங்க அம்மா ஊரெல்லாம் சொல்லிச் சிரிச்சா. 'தேறிட்டான்'னு எழுதிட்டுப் போயிட்டாங்க. துணைக்கு இருந்த டீச்சரைத் தூக்கிட்டாங்க. இப்ப பள்ளிக்கூட வாசல மிதிக்க மாட்டேங்கறான். நாற்காலி நல்லா நிக்குதுன்னு ஒரு கால உருவுற ஆளுங்க இவங்க."

அவனுக்கு மனம் ஒப்பவில்லை. போன மாதம்தான் மகள் முதல்முறையாக ஒரு முழு வரியை அவனுக்கு வாசித்துக் காட்டினாள். அன்று அவன் ஓட்டிய பேருந்தில் ஏறிய பாதிப் பேருக்காவது அந்தச் செய்தி தெரிந்திருக்கும். அதை ஓர் அதிகாரி காதால் கேட்கவேண்டும் என்ற ஆசை அவனுக்குள் முள்ளாய்க் குத்திக்கொண்டிருந்தது.

பள்ளி வரை இருவரும் பேசிக்கொள்ளவில்லை. நடுவில் நடந்த மகள் மட்டும் இருவர் கையையும் விடவில்லை.

நூலகத்தை ஒட்டிய சின்ன அறையில் அதிகாரி காத்திருந்தார். ஐம்பதைத் தாண்டியவர், கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டார். துணை ஆசிரியை மகளைத் தன் பக்கத்தில் உட்கார வைத்துப் புத்தகத்தை விரித்தார். மகள் அவரை அக்கா என்பாள். அதனால் பள்ளியில் எல்லோருக்கும் அவர் அக்காதான். பெற்றோர் இருவருக்கும் சுவரோரம் இரண்டு நாற்காலிகள்.

"பாப்பா, இதுல ஒரு வரி வாசிக்கறியா?" என்றார் அதிகாரி.

மகள் ஜன்னலைப் பார்த்தாள்.

அக்கா முதல் சொல்லுக்கு அடியில் விரலை வைத்தார். நேற்று வரை அந்த விரல் நகர நகர மகளின் குரலும் கூடவே நகரும். இன்று விரல் அங்கேயே நின்றது. அக்கா குழம்பிப்போய்த் திரும்பிப் பெற்றோரைப் பார்த்தார். மனைவி தன் கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடினாள்.

வேறு பக்கம், படம் போட்ட அட்டை, எழுத்துக் கட்டைகள். ஒன்றுக்கும் மகள் அசையவில்லை. சொன்ன சொல் தவறாமல் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "நான் வெளிப்படையாவே சொல்லிடறேன். தப்பா எடுத்துக்காதீங்க. ரெண்டு வருஷம் துணை குடுத்திருக்கோம். ஒரு வரி கூட வரலைன்னா, இந்தத் துணையால என்ன பிரயோஜனம்னு மேல கேப்பாங்க. வேற பிள்ளைக்காவது குடுக்கலாமேம்பாங்க. என்கிட்ட கேட்டு நிக்கறது பன்னெண்டு குடும்பம். ஏழு பேருக்குத்தான் பணம் வருது."

மனைவி நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள். படித்தால் துணை போகும் என்று பயந்தாளே தவிர, படிக்காவிட்டாலும் போகும் என்பதை அவள் யோசித்திருக்கவில்லை. அவன் வாயைத் திறக்கப் போனான். மனைவியைக் காட்டிக்கொடுப்பதா என்று மூடிக்கொண்டான்.

"எறும்பு," என்றாள் அவள். "படிடா கண்ணு. சாருக்குப் படிச்சுக் காட்டு."

மகள் அம்மாவை நேராகப் பார்த்தாள்.

"மாட்டேன். சார் வருவாரு, படின்னு சொல்லுவாரு, நீ படிக்காதன்னு அம்மா சொன்னாங்க."

அவள் இதுவரை பேசியதிலேயே நீளமான வாக்கியம் அதுதான். வேறொரு நாளாக இருந்தால் அவன் தெருவுக்கே மிட்டாய் வாங்கிக் கொடுத்திருப்பான்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "அப்படியாம்மா?"

"ஆமா சார்," என்றாள் மனைவி. மறைக்க இனி என்ன இருக்கிறது? "நான்தான் சொன்னேன். இவ படிப்பா. அக்கா பக்கத்துல இருந்தா படிப்பா. அதப் பாத்துட்டு, இனி அக்கா எதுக்குன்னு எழுதிருவீங்கன்னு பயம். என்னை என்ன வேணா சொல்லுங்க. அவமேல எழுதிராதீங்க."

"சார், எனக்கும் தெரியும்," என்றான் அவன். "காலையில நானும் கேட்டுட்டுத்தான் இருந்தேன்."

மனைவி அவனைத் திரும்பிப் பார்த்தாள். காலையிலிருந்து அவள் அவனை நேராகப் பார்த்தது அப்போதுதான்.

அதிகாரி கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டார். பிறகு அக்காவிடம், "நீங்க கொஞ்சம் வெளியில நில்லுங்க. கதவைச் சாத்திக்கங்க," என்றார்.

கதவு மூடிக்கொண்டது. மகளின் கண் கதவிலேயே இருந்தது. அதிகாரி தானே சொல்லுக்கு அடியில் விரலை வைத்தார். அவள் அந்த விரலைப் பார்க்கவே இல்லை. பக்கத்துக் கூடத்தில் யாரோ பெஞ்சுகளை இழுக்க ஆரம்பித்தார்கள். இரும்புக் கால்கள் தரையில் கிறீச்சிட்டன. மகள் காதைப் பொத்தினாள். நாற்காலியிலிருந்து சரிந்தாள். மேசைக்கு அடியில் அவள் தலை மேசைக்காலில் மோதும் சத்தம் கேட்டது. ஒரு தடவை. மறுபடியும்.

அவன் எழுந்துவிட்டான். அதிகாரி கையை உயர்த்தினார். "கொஞ்சம் இருங்க."

மனைவி அவன் மணிக்கட்டைப் பற்றினாள். அவனைத் தடுக்கவா, தன்னைத் தடுத்துக்கொள்ளவா என்று அவனுக்குத் தெரியவில்லை. பிள்ளை தவிக்கட்டும், இவர் பார்க்கட்டும் என்று அவளுக்குள் ஓர் எண்ணம் ஓடியிருக்கவேண்டும்; அந்த எண்ணத்துக்காகவே அவள் நகம் அவன் தோலில் இறங்கியது. மூன்றாவது சத்தம் கேட்டதும் அவள் கை தானாக விட்டது. அவன் ஓரடி எடுத்து வைப்பதற்குள் அதிகாரியே நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"போதும். கூப்பிடுங்க அவங்கள."

அக்கா உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தார். உள்ளங்கையை விரித்துத் தரையில் வைத்தார். பெஞ்சுச் சத்தம் ஓய்ந்து வெகு நேரம் கழித்து ஒரு சின்னக் கை வந்து அதன்மேல் படிந்தது. புத்தகமும் மேசைக்கு அடியிலேயே போயிற்று. அங்கிருந்து மகளின் குரல் கேட்டது.

"பூனை... கதவுக்குப் பின்னால்... ஒளிந்தது."

"இப்பப் படிக்கலாமா அக்கா? அம்மா திட்டுவாங்களா?" என்று அடுத்து கேட்டது. மனைவி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அதிகாரி எழுதி முடித்துவிட்டு நிமிர்ந்தார். "துணையோடு படிக்கிறாள், துணை இல்லாமல் முடியாதுன்னு எழுதியிருக்கேன். நீங்க சொல்லிக்குடுத்ததை எழுதல. அது வீட்டு விஷயம்." கொஞ்சம் தயங்கினார். "ஆனா முழு நாள் என்னால முடியாதும்மா. பன்னெண்டு பேர்ல யாரை விடச் சொல்றீங்க? மத்தியானம் வரைக்கும் அக்கா. மத்தியானத்துக்கு மேல, போன வருஷம் துணைய நிறுத்தினோமே, அந்தத் தையக்காரர் பையனுக்குப் போவாங்க. அவனை மறுபடியும் சேத்திருக்கோம்."

அந்தப் பையனைப் பற்றிச் சொன்ன பிறகு அவளால் சண்டை போட முடியவில்லை.

வெளித் தாழ்வாரத்தில் அவள் தூணில் சாய்ந்தாள். "மத்தியானத்துக்கு மேல அக்கா இல்லாம இவள வகுப்புல விட முடியாது. மருந்துக் கடையில பாதி நாளுக்கெல்லாம் ஆள் வேண்டாம்னு சொல்லிருவாங்க. நான் வேலைய விட்டுர வேண்டியதுதான்."

"நீ ஏன் விடணும்? நான் முதல் வண்டிய எடுத்துக்கறேன். பன்னெண்டுக்கு என் வேலை முடிஞ்சிரும். நேரா வந்து கூட்டிட்டுப் போயிடறேன்."

"முதல் வண்டியா? விடியறதுக்கு முன்னாடி டிப்போவில நிக்கணும். அலாரம் அடிச்சா அலாரத்தையே திட்டிட்டுத் தூங்கற ஆளு நீங்க."

"அதுக்கு என்ன பண்றது?"

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அவன் மணிக்கட்டில் தன் நகம் பதிந்த இடத்தைக் கட்டைவிரலால் மெல்லத் தேய்த்துவிட்டாள்.

"நான் எழுப்பி விடறேன்," என்றாள்.