எண் நின்றால்தான் சீட்டு

ஆஸ்பத்திரியின் பின்வாசலுக்குள் நுழைந்ததும் அவள் ஓட்டத்தை நிறுத்திவிட்டு நொண்ட ஆரம்பித்தாள். பையிலிருந்து மடக்குத் தடியை எடுத்து உதறினாள். நான்கு துண்டும் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு நின்றன. மருந்து வாங்கும் வரிசையையும் எக்ஸ்ரே அறையையும் தாண்டி முன்வாசலுக்கு வருவதற்குள், இடது பாதம் தரையைத் தேய்க்கும் ஓசை சரியாக வந்துவிட்டது. ஸ்கூட்டரில் அவளுடைய தலைக்கவசத்தை மடியில் வைத்துக்கொண்டு கணவன் காத்திருந்தான். எழுந்து நாலடி எதிரே வந்து கையை நீட்டினான்.

"இன்னிக்குப் பயிற்சியில ரொம்பப் படுத்திட்டாங்களா? தொப்பலா நனைஞ்சிருக்கே."

"ஆமாங்க. மாடிப்படி ஏறச் சொன்னாங்க."

பொய் சொன்னால் அவளுக்குக் காது சிவக்கும். கல்யாணமான புதிதில் அதை வைத்தே அவளைக் கேலி செய்வான். இப்போது தலைக்கவசம் காதை மறைத்துவிடுகிறது. வாரத்துக்கு மூன்று நாள் காலையில், ஆறு மாதமாக இதே கதைதான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். கட்டிய புருஷன் நம்பினால் மறைக்கலாம் என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று.

மூன்று வருடம் முன்பு, பள்ளிச் சீருடைக்கு ஓரம் மடித்துத் தைத்துக்கொண்டிருந்தபோது ஊசி கையிலிருந்து நழுவியது. குனிந்து எடுக்கப் போனவள் எழுந்திருக்கவில்லை. பக்கவாதத்தில் இடது பக்கம் முழுவதும் போய்விட்டது. அவன் அப்போது ஆயிரம் மைலுக்கு அப்பால் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவன். இருபத்திரண்டு வருடத் தாம்பத்தியத்தில் மாதத்துக்கு ஐந்து நாள் வீட்டில் இருந்தால் அதிகம். வந்ததும் கதை கதையாகச் சொல்வான்: மலைப்பாதையில் பிரேக் சூடேறியது, பனியில் எதிரே வந்த ஒற்றை விளக்கு. கடைத்தெருவுக்கு அப்பால் எதையும் பார்க்காத அவள் வாய் பிளந்து கேட்பாள்.

அவள் விழுந்த பிறகு அவன் லாரி ஏறவே இல்லை. நெடுஞ்சாலையோரம் ஓர் எடைமேடையில் வேலைக்குச் சேர்ந்தான். கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, மற்றவர்கள் ஓட்டிவரும் லாரிகளுக்கு எடைச் சீட்டு அடித்துக் கொடுக்கும் வேலை. கட்டிலிலிருந்து குளியலறை வரை சுவரில் இரும்புக் குழாயை அவனே பற்றவைத்துக் கைப்பிடி போட்டான். வேலையைப் பற்றிக் கேட்டால் சிரிப்பான். "அந்த மெஷின் லாரிக்குத்தான் மரியாதை குடுக்கும். மனுஷன் ஏறினா பத்துப் பத்துக் கிலோவாத்தான் காட்டும். அதுவும் ஆடாம நிக்கணும். எண் நின்னாத்தான் சீட்டு அடிக்க முடியும்." அதற்கு மேல் சொல்வதற்கு அவனிடம் கதை இல்லை.

ஆறு மாதம் முன்பு பயிற்சி கொடுக்கும் பெண், "இனிமே நீங்க வர வேண்டாங்கா. இடது கையில ரெண்டு விரல் மட்டும் மரத்த மாதிரியேதான் இருக்கும். களைச்சா கால் இழுக்கும். மத்தபடி நீங்க ஓடலாம்" என்று சிரித்தாள். அவன் வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. சும்மா பின்வாசல் வழியாக வெளியே வந்து சாலையைக் கடந்தாள். ஒரு பேருந்து ஹாரன் அடித்தது. திடுக்கிட்டு எட்டு அடி ஓடிவிட்டாள். அந்தப் பக்கம் போய் நின்றபோது சிரிப்பு வந்தது. அதன் பிறகு அவளுக்கு நிற்கத் தோன்றவில்லை.

பார்க்க அழகான ஓட்டம் இல்லை. வலது கால் பாய்ந்தால் இடது கால் பின்னாலேயே இழுபட்டு வரும். ஆனால் ஒவ்வொரு தடவையும் ஒரு புதுத் தெரு. மர அறுவை ஆலை, ரயில் பாதைக்குக் கீழே ஆள் குனிந்து போகும் சுரங்கவழி, யாரும் இல்லாத கால்பந்து மைதானம். ஒருநாள் ஒரு நாய் துரத்தியது. நாய்தான் முதலில் களைத்தது. நாற்பத்தைந்து வயதில் அவளுக்கும் சொல்லக் கதை இருந்தது. கேட்கவேண்டிய ஆளிடம் மட்டும் சொல்ல முடியவில்லை.

முதல் நாளே சொல்லத்தான் நினைத்தாள். முன்வாசலில் அவன் கையை நீட்டினான். இருபத்திரண்டு வருடம் கிடைக்காத கை. கால் சரியாகிவிட்டது என்று சொன்னால் அந்தக் கை மறுபடி ஸ்டியரிங்குக்குப் போய்விடும். அதற்குப் பயந்துதான் தடியை ஊன்றினாள். அவனைக் கட்டிப்போட்டுவிட்டுத் தான் மட்டும் ஊர் சுற்றுகிறோம் என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும். ஆனால் கால்தான் முதலில் காட்டிக்கொடுத்தது. ஒரு சாயங்காலம் அடுப்பில் பால் பொங்கும் அவசரத்தில் இடதுக்குப் பதிலாக வலது காலை நொண்டிவிட்டாள். அவன் பார்த்துவிட்டான்.

"அந்தக் காலும் வலிக்க ஆரம்பிச்சிடுச்சா? ஒரே கால்ல எல்லா பாரத்தையும் போட்டா அப்படித்தான். சொல்றதுக்கென்ன?" என்றான். எண்ணெயைச் சூடுபண்ணி எடுத்துவந்து, அன்றைக்கு இரண்டு காலுக்கும் தேய்த்துவிட்டான். அவள் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வலியால் அழுகிறாள் என்று நினைத்து இன்னும் மெதுவாகத் தேய்த்தான்.

ஞாயிற்றுக்கிழமை பழைய லாரி முதலாளி போனில் கூப்பிட்டார். கதவுக்குப் பின்னால் துணி மடித்துக்கொண்டிருந்தவளுக்கு எல்லாம் கேட்டது.

"புது வண்டியா... எத்தனை சக்கரம்? மலை வழியா?" குரலில் பழைய ஆள் எட்டிப் பார்த்தான். பிறகு இறங்கிப்போனான். "இல்ல முதலாளி. அவளுக்குக் கால் இன்னும் தேறல. தனியா விட முடியாது. வேற ஆள் பாருங்க... புதன்கிழமை வரைக்கும் வேணா அந்த இடத்தை வெச்சிருங்க, ஆனா என்னை நம்பாதீங்க."

போனை வைத்துவிட்டு, அவன் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வந்து கைப்பிடியின் திருகாணியை இறுக்கினான். அது ஏற்கெனவே இறுக்கமாகத்தான் இருந்தது.

செவ்வாய்க்கிழமை அவன் வேலைக்குப் போன பிறகு, அவள் தடியை மடக்கிக் கைப்பிடியில் தொங்கவிட்டாள். கதவைப் பூட்டினாள். அன்றைக்கு ஆஸ்பத்திரி இல்லை; நெடுஞ்சாலைப் பக்கம் ஓடினாள். நாலு கிலோமீட்டர். லாரிகள் உரசுவதுபோல் தாண்டிப் போயின. புது வழிதான், ஆனால் ரசிக்க மனமில்லை. நடுவழியில், திரும்பிவிடலாம், புதன்கிழமை எப்படியும் கடந்துபோய்விடும் என்று ஒரு எண்ணம் வந்தது. வந்ததற்காகவே வெட்கப்பட்டு இன்னும் வேகமாக ஓடினாள்.

எடைமேடை காலியாக இருந்தது. ஓடிவந்த வேகத்தில் சரிவில் ஏறி அதன் நடுவில் போய் நின்றாள். கண்ணாடி அறைக்கு மேலே சிவப்பு எண் பூஜ்யத்திலிருந்து அறுபதுக்குத் தாவியது. உள்ளே அவன் தன் திரையைப் பார்த்தான். லாரியைத் தேடி வெளியே பார்த்தான். எழுந்து நின்றான். கதவைத் திறந்துகொண்டு மேடையின் விளிம்பு வரை வந்தான். வழக்கம்போல் கை முன்னால் நீண்டது. அவளிடம் தடி இல்லாததைப் பார்த்ததும் பாதியில் நின்றது.

"எப்படி வந்தே?"

"ஓடி."

"எத்தனை நாளா?"

"ஆறு மாசமாங்க." மூச்சு வாங்கியது. "நீங்க போயிடுவீங்கன்னு பயந்துதான் சொல்லல. முதலாளிக்குப் போன் பண்ணுங்க."

அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் கால்களைப் பார்த்தான், இடது, வலது, மறுபடி வலது. அவளுடைய இரண்டு காதும் வெயிலில் வெட்டவெளிச்சமாகச் சிவந்திருந்தன. பின்னால் ஒரு லாரி வந்து சரிவின் கீழே நின்றது. வழிவிடச் சொல்லி நீளமாக ஹாரன் அடித்தது. அவள் நகரப் பார்த்தாள்.

அவன் பார்வையை எடுக்காமலே லாரியை நோக்கிக் கையைத் தூக்கி, பொறு என்று காட்டினான். தூக்கிய கை இறங்கவில்லை. அவர்கள் தலைக்கு மேலே அறுபது ஐம்பதாகி, ஐம்பது அறுபதாகி, எண் நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தது.