பதினாறாம் எண்ணில் கார் இல்லை

1

இந்தக் கதை ஒரு நாற்காலியில் பிறந்தது. என்னுடையதில் அல்ல. பக்கத்து யூனிட்டில் வெர்னா ஹாக்லண்ட் போட்டு உட்கார்ந்திருக்கும் மடக்கு நாற்காலியில்.

எங்கள் வளாகம் அமெரிக்காவில், மினசோட்டா மாநிலத்து மினியாபொலிஸுக்கு மேற்கே, நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கிறது. வரிசையாகத் தகரக் கதவுகள். ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் ஒருவர் விலைக்கு வாங்கிய பெரிய கொட்டகை, அதற்குள் அவர் உயிரையே வைத்திருக்கும் கார். குடியிருக்கக் கூடாது, வியாபாரம் கூடாது, பொழுதுபோக்குக்கு மட்டும். உரிமையாளர் சங்கத்தின் விதி அது. என்னிடமும் ஒரு பழைய ஜப்பான் கார் நிற்கிறது. அதன் பக்கத்தில் ஒரு மேசை. அந்த மேசையில்தான் வாரப் பத்திரிகைகளுக்குத் தொடர்கள் எழுதுகிறேன். இதையும்.

வெர்னாவின் பதினாறாம் எண்ணில் கார் கிடையாது. நாற்காலி, ஒரு சின்ன ஹீட்டர், காபி ஃபிளாஸ்க். கதவை மேலே ஏற்றிவிட்டு உட்கார்ந்திருப்பார். அவ்வளவுதான்.

சங்கத்தால் இதைப் பொறுக்க முடியவில்லை. வரும் சனிக்கிழமை ஓட்டெடுப்பு. தோற்றால் வெர்னா யூனிட்டை விற்றுவிட்டுப் போக வேண்டும். கதை இவ்வளவுதான். அதை எப்படி எழுதுவது என்பதில்தான் தகராறு.

2

முதல் தொடக்கம்:

'பனி கொட்டிக்கொண்டிருந்த அந்த மாலையில், பதினாறாம் எண் கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு விசும்பல்

வேண்டாம். யாரும் விசும்பவில்லை.

இரண்டாவது:

'இறந்துபோன கணவனின் கார் நின்ற இடத்தில் ஓர் எண்ணெய்க் கறை மட்டும் மிச்சமிருந்தது. அதையே பார்த்தபடி அவள்

இது எனக்கே பிடித்திருந்தது. வாசகர்கள் கைக்குட்டையைத் தேடுவார்கள். அந்தத் தைரியத்தில் வெர்னாவிடம் போய்ச் சொன்னேன். அவர் காபியைக் கீழே வைத்தார்.

"என் புருஷனை எதுக்குய்யா சாகடிக்கறே? நல்லாத்தானே இருக்கான். டிவி முன்னாடி உக்காந்து அதோட சண்டை போட்டுக்கிட்டிருக்கான். அந்தச் சத்தம் தாங்காமதான் இதையே வாங்கினேன்."

சரி, கணவர் பிழைத்தார். (பெயர் கென். இனி கதையில் வரமாட்டார். டிவியை விட்டு எழுந்திருக்கவும் மாட்டார்.)

3

அப்படியென்றால் வேறு ரகசியம் இருக்க வேண்டும் என்று நினைத்தேன். தொடர்கதை எழுதுகிறவனுக்கு ரகசியம் இல்லாத பாத்திரத்தின் மேல் சந்தேகம் வரும். பழைய காதல், தொலைந்த மகன், ஏதோ ஒன்று. தோண்டித் தோண்டிக் கேட்டேன்.

"ஆயுசு பூரா ஸ்கூல் பஸ் ஓட்டினவ நான். முதுகுக்குப் பின்னாடி ஒரு பஸ் நிறையக் கூச்சல். இப்ப என் கதவு, என் நாற்காலி, என்னை யாரும் கூப்பிடாத ஒரு மத்தியானம். இதுல உனக்கு என்ன ரகசியம் வேணும்?"

பிரதியில் அவர் பெயரை மாற்றியிருந்தேன், யூனிட் எண்ணையும். அதைக் கேட்டதும்தான் உண்மையாகவே கோபம் வந்தது அவருக்கு.

"என் பேரைப் போடு. நம்பரைச் சரியாப் போடு. ஒளிஞ்சுக்கறதுக்கு நான் என்ன தப்புப் பண்ணேன்?"

போட்டிருக்கிறேன்.

4

வில்லன் வேண்டுமே? சங்கத் தலைவர் ட்வேன் ரஸ்டாடை நிறுத்தலாம் என்று பார்த்தேன். சிவப்பு கார்வெட் கார் வைத்திருக்கிறார். கோடையில் அதில் ஐஸ்கிரீம் கடைவரை போய்த் திரும்புவார். ஆனால் பனி விழுந்தால் எல்லார் வாசலையும் அவரே தள்ளிச் சுத்தம் செய்வார், வெர்னாவின் வாசல் உட்பட. இப்படிப்பட்டவரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? (என்னை 'மூக்' என்று கூப்பிடுவார். முகுந்தனில் அவருக்கு எட்டியது அவ்வளவுதான்.)

போன வாரம் அவருடைய யூனிட்டில் கூட்டம். வழி ஒன்றை அவரே எடுத்துக் கொடுத்தார்.

"வெர்னா, உன் ஹாபி இதுன்னு ஒண்ணு சொல்லிடு. பின்னல் வேலை, பூச்செடி, எதுன்னாலும் சரி. எழுதிக்கிட்டு எல்லாரும் வீட்டுக்குப் போயிடலாம்."

"உக்கார்றது," என்றார் வெர்னா.

ட்வேன் தொண்டையைச் செருமினார். "அது கொஞ்சம் வித்தியாசமா இருக்கு."*

* மினசோட்டாக்காரர் வாயிலிருந்து இதற்கு மேல் ஒரு வசவு வராது. என் பக்கத்தில் இருந்தவர் கடித்த டோனட்டை அப்படியே வைத்துவிட்டார்.

"உன் காரை ஏன் இப்ப ஓட்டறதில்லே, ட்வேன்?"

"பனி உருக ரோடு பூரா உப்பு போட்டிருக்கான். துரு பிடிச்சிடும்."

"பேட்டரி?"

"கழட்டி வச்சிருக்கேன்."

"அப்ப குளிர்காலம் பூரா இங்க வந்து என்ன பண்றே?"

பின்வரிசையில் யாரோ, "உக்கார்றான்" என்றார். சிரிப்பு எழுந்தது.

"நான் காரோட உக்கார்றேன்," என்றார் ட்வேன், சிரிக்காமல்.

"நான் கார் இல்லாம உக்கார்றேன். எனக்கு இடம் தாராளமா இருக்கு."

அப்போதுதான் நான் எழுந்தேன். எங்கள் பாஷையில் ஹாபிக்குப் 'பொழுதுபோக்கு' என்று பெயர், பொழுதைப் போக்குவது, அந்தச் சொல்லில் கார் எங்கேயும் இல்லை, அப்படிப் பார்த்தால் இந்த வளாகத்திலேயே விதியைச் சுத்தமாகக் கடைப்பிடிப்பவர் வெர்னா ஒருவர்தான் என்றேன். நாலைந்து தலைகள் ஆடின. ட்வேன் என் பக்கம் திரும்பினார்.

"மூக், நீ அந்த மேசையில என்னதான் எழுதறே? காசு வருதா அதுக்கு?"

"வாசிச்சுப் பாருங்களேன்."

"அது உங்க பாஷையில இல்லே இருக்கு?"

"ஆமா."

காசு வந்தால் அது வியாபாரம், வியாபாரம் செய்கிறவருக்கு ஓட்டுக் கிடையாது என்று பொதுவாக அறிவித்துவிட்டு, காபியை ஊற்றிக்கொண்டார்.

5

முடிவுகள்.

(அ) வெர்னா ஜெயிக்கிறார். ட்வேன் வந்து கை குலுக்க, கண்ணீர்

(ஆ) வெர்னா தோற்கிறார். நாற்காலியை மடக்கித் தோளில் போட்டுக்கொண்டு பனியில்

(இ) நான் ஒரு ஓடாத காரை வாங்கிவந்து பதினாறாம் எண்ணில் நிறுத்துகிறேன். விதியும் நிறைவேறியது, வெர்னாவும் தப்பித்தார். இதை உண்மையாகவே அவரிடம் சொல்லிப் பார்த்தேன். "ஒரு ஓட்டைக் காரைப் பக்கத்துல நிறுத்தினாத்தான் நான் நல்லவளா? போய் உன் வேலையப் பாரு," என்று அனுப்பிவிட்டார்.

என் வேலையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

கதவு கதவாய்ப் போய்ப் பேசிப் பார்த்ததில், என் ஓட்டை விட்டுவிட்டால் இரண்டு பக்கமும் சமமாக நிற்கிறது. என் ஓட்டு விழுந்தால் வெர்னா தங்குவார், விழாவிட்டால் போவார். இந்தக் கதையோ என் யூனிட்டில் எழுதியது, சன்மானத்துக்கு எழுதியது. அச்சானதும் எனக்கு எதிரான சாட்சி. பத்திரிகை வெள்ளிக்கிழமையே இந்த ஊர்த் தமிழ் மளிகைக் கடைக்கு வந்துவிடும். உங்களில் யாராவது ஒருவர் இதை ட்வேனுக்கு மொழிபெயர்த்துச் சொன்னால் போதும். இன்றைக்குக்கூட ஆசிரியர் போனில், "உங்க நம்பரையாவது மாத்திடுங்களேன் சார்" என்றார்.

மாற்றவில்லை. ஒளிந்துகொள்ள நான் மட்டும் என்ன தப்புச் செய்தேன்?

ஆகவே முடிவு என்னிடம் இல்லை, இதைப் பிடித்திருக்கும் உங்கள் கையில் இருக்கிறது. வாயை மூடிக்கொள்வதோ திறப்பதோ உங்கள் இஷ்டம். சொல்வதானால் நம்பரைச் சரியாகச் சொல்லுங்கள். பதினேழு. கதவு மேலே ஏற்றியே இருக்கும். உள்ளே உட்கார்ந்திருப்பேன்.