பசுமரத்தாணி

"இன்னும் எட்டு மாசம் வேணும்" என்றேன்.

நகராட்சிக் கூட்ட அறையில் எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. கட்டச் சொன்னவரிடம் எதை வேண்டுமானாலும் கேள், நாள் மட்டும் கேட்காதே என்பது நான் வேலைக்குச் சேர்ந்த அன்றே எங்கள் சார் சொன்ன சட்டம். அவருடைய கட்டட வடிவமைப்பு அலுவலகத்தில் எனக்கு இது மூன்றாவது வருஷம். அம்மாவும் காலையில் அதையே தன் பாணியில் சொல்லி அனுப்பினாள்: "கேட்டதுக்குப் பதில் சொல்லு, போதும். உன் வாய்தான் உனக்குச் சத்துரு." பள்ளிக்கூடம் பெருக்கி என்னைப் படிக்க வைத்தவள். வீட்டில் முதல் பட்டதாரி நான் என்பதை என்னைவிட அவள்தான் அதிகம் சுமக்கிறாள்.

ஊர் மளமளவென்று வளர்கிறது. நாடகம் போட, பாட, நாலு பேர் கூடிப் பேச ஓர் இடம் கிடையாது. அதற்காக முழுக்க மரத்திலேயே ஒரு கலை மன்றம். நட்டு வளர்த்த மரங்கள். வெட்டிய இடத்தில் மறுபடி நடுவார்கள். சிமெண்டு அஸ்திவாரத்தோடு சரி. ஏசி வேண்டாம், சூடான காற்று மேலே ஏறி வெளியேற வழி விட்டிருக்கிறோம். வரைந்ததில் பாதிக்கு மேல் என் கை. அந்தக் கட்டடத்தின் மேல் எனக்கு ஆசை, மறைப்பானேன்.

மூன்று வாரம் முன்பு மரம் வந்து இறங்கியது. ஈரம் அளக்கும் கருவியின் ஊசியைக் குத்திப் பார்த்தேன். பதினைந்து சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டிய ஈரம் இருபத்தெட்டு காட்டியது. நாற்பது உத்திரத்திலும் அதே கதை. சாரிடம் சொன்னேன். மேலே ஏற்றினால் தானாகக் காயும் என்றார். 'மரம் உலர்ந்த நிலையில் உள்ளது' என்று அடித்து வைத்திருந்த சான்றிதழை என் பக்கம் தள்ளினார். பரிசோதித்தவர் கையெழுத்து என்ற இடத்தில் நான். போட்டால் அந்த உத்திரங்களுக்குக் கீழே உட்காரப்போகும் முந்நூறு பேருக்கு நான் பொறுப்பு. போடாவிட்டால் வேலை போகும். நாளைக் கடத்திக்கொண்டே வந்து, இன்று கூட்டத்தில் உடைத்துவிட்டேன்.

நகராட்சித் தலைவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். அவர் பதவி ஐந்து மாதத்தில் முடிகிறது. திறப்புக் கல்லில் தன் பெயர் எந்த அளவில் வர வேண்டும் என்பதுவரை சொல்லிவிட்டார் என்று கேள்வி.

"எதுக்கும்மா எட்டு மாசம்? மரந்தான் வந்தாச்சே."

"வந்தது பச்சை மரம், ஐயா."

"பசுமைக் கட்டடம்னுதானே உங்க சார் சொன்னார்? அப்ப பச்சை மரத்துலதானே கட்டணும்?"

யாரும் சிரிக்கவில்லை. மனுஷன் நிஜமாகவே கேட்டார். இத்தனை மாதமாக அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சாருக்கு அது வசதி, திருத்தவில்லை. நகராட்சிப் பொறியாளர் மேடம் கோப்புக்குள் தலையை விட்டுக்கொண்டு எதையோ தேடினார்.

தலைவர் விடுவதாக இல்லை. "பசுமரத்தாணி போலன்னு பள்ளிக்கூடத்துல படிச்சிருக்கோமே. பச்சை மரத்துல அடிச்சாத்தான் நல்லா பதியும்."

"பதியும் ஐயா. மரம் காஞ்சு சுருங்கினா ஆணி ஆடும். இங்க ஆணி இல்ல, கட்டைவிரல் தண்டிக்குப் போல்ட்டு. அது ஆடினா கூரை ஆடும். கீழ ஜனம் இருக்கும்."

அவர் கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். பிறகு தன் வீட்டு வாசல் கதவின் சரித்திரத்தை ஆரம்பித்தார். அவசர அவசரமாகப் போட்ட கதவாம். இன்று பூட்டினாலும் பக்கத்து வீட்டுப் பூனை இடுக்கு வழியாகச் சம்பந்தி மாதிரி வந்து போகிறதாம். உங்கள் வாக்குறுதியும் இந்தக் கதவும் ஒன்று என்று வீட்டம்மா வாராவாரம் சொல்கிறாராம். மேடம் என் அளவுகளை வாங்கிப் படித்தார். அடுக்குக்கு நடுவே குச்சி வைத்து, மேலே கூரையும் பக்கத்தில் காற்றும் விட்டு அடுக்கினால்கூட எட்டு மாதம் ஆகும் என்றார். எல்லாவற்றையும் கூட்டக் குறிப்பில் ஏற்றி முத்திரை வைத்தார்.

"சரி, எடுத்துக்கோங்க" என்றார் தலைவர். "நான் டிக்கெட் வாங்கிட்டு வந்து பாத்துக்கறேன். தலையில எதுவும் விழாம இருந்தாச் சரி."

வெளியே வந்து குழாயடியில் மூன்று டம்ளர் தண்ணீர் குடித்தேன். மூன்று வாரத்துக்குப் பிறகு மூச்சு வயிறுவரை போய் வந்தது.

திரும்பி வரும்போது காரில் சார் இரண்டு பேருக்குப் போன் போட்டு, எட்டு மாதம் வாங்கிவிட்டேன் என்றார். வாங்கியது அவராம். போகட்டும். அலுவலகத்துக்கு வந்ததும் அதே சான்றிதழை எடுத்து மேசைமேல் வைத்தார். மரம் அனுப்பியவர் தன் மைத்துனர் என்று அப்போதுதான் சொன்னார். ஈர மரம் அனுப்பினார் என்று வராமல் மைத்துனர் கோப்பு சுத்தமாக இருக்க வேண்டுமாம்.

"எட்டு மாசத்துல எப்படியும் காயத்தானே போகுது? இன்னிக்கே போட்டா என்ன குறைஞ்சுடும்?"

"காஞ்சப்புறம் போடறேன் சார்."

கற்றுக்கொடுத்த கணக்கெல்லாம் சொன்னார். முதல் தலைமுறைப் படிப்புக்கு இவ்வளவு திமிர் ஆகாது என்றார்.

"உங்களுக்கு மைத்துனர் இருக்கார் சார். எனக்கு என் கையெழுத்துதான் இருக்கு. அதையும் அவருக்கே கொடுத்துட்டு நான் என்ன பண்றது?"

போடாவிட்டால் நாளைக்கு வராதே என்றார். பாவம், பயமுறுத்துகிறாராம். வேலையை விடுவதென்று நான் காரிலேயே முடிவு எடுத்தாயிற்று. அளவுகள் மேடத்திடம் முத்திரையோடு இருக்கின்றன. என் நாற்காலியில் யார் வந்து உட்கார்ந்தாலும் அந்த மரத்தை ஈரத்தோடு மேலே ஏற்ற முடியாது. எனக்கு அது போதும். அம்மா இரண்டு நாள் திட்டுவாள். மூன்றாம் நாள், அடுத்து என்ன என்பாள்.

பையைத் தோளில் மாட்டினேன். காகிதம் மேசையில் வெறுமனே கிடந்தது. வழிவிடுங்கள் சார் என்றேன். விட்டார். நான் வெளியே நடந்தேன்.