பயிர் நிற்கிற வண்டி

பாலத்தின் நடுவில் வண்டி நின்றுவிட்டால் இறங்கி நடந்துவிடலாம், நடக்கிறவளிடம் யாரும் எதையும் கேட்கப்போவதில்லை என்று பிரம்மநாயகி நினைத்துக்கொண்டிருந்தாள். வண்டி நிற்கவில்லை. கீழே ஆனி மாதத்துத் தாமிரபரணி பாதி மணலும் பாதித் தண்ணீருமாகக் கிடந்தது. ஹேண்டில்பாரைப் பிடித்திருந்த அவள் கணவர் குமரகுருபரன் கண்ணாடியில் தலைமுடியைச் சரிபார்த்துக்கொண்டார். பின்னால் வழக்கம்போல் கொக்குகள் வந்துகொண்டிருந்தன. பாலம் இறங்கி வண்ணார்பேட்டையில் திரும்பியபோது, பஸ்ஸுக்கு நின்றவர்களில் ஒருவர்கூட அண்ணாந்து பார்க்கவில்லை. அந்த ஸ்கூட்டரின் இருக்கைக்கு அடியிலிருந்த பெட்டியில் வருஷத்துக்கு இரண்டு போகம் நெல் விளைகிறது, ஏர் போகிற வயலுக்கு வருவதுபோல அதன் பின்னால் கொக்குகள் வருகின்றன என்பது ஊருக்கு எட்டு வருஷமாகத் தெரிந்த சங்கதி.

வண்டி வந்தது தொண்ணூற்றொன்றில். நாங்குநேரியில் ஒரு கல்யாண வீட்டு வாசலில்தான் குமரகுருபரன் அதை முதன்முதலில் பார்த்தார். சிங்கப்பூரில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு ஊர் திரும்பிய ஒருவர் கப்பலில் கொண்டுவந்து இறக்கியது. ஸ்கூட்டர் என்றுதான் சொன்னார்கள், ஆனால் கன்றுக்குட்டி என்று சொல்லி யானையைக் காட்டியதுபோல இருந்தது. சோபாவைப் போன்ற இருக்கை, முதுகு சாய ஒரு திண்டு, காற்றைத் தடுக்க முன்னால் கண்ணாடி, கிளட்சும் கியரும் இல்லாத ஓட்டம், இருக்கையைத் தூக்கினால் அரிசி மூட்டையே வைக்கலாம் போல ஒரு பெட்டி. விலை கேட்டவர்கள் சிரித்துவிட்டு நகர்ந்தார்கள். அந்த விலைக்கு ஊரில் ஓடுகிற சாதாரண ஸ்கூட்டர்களை வாங்கித் தெருவுக்கு ஒன்றாக நிறுத்தலாம். பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் வணிகவியல் நடத்திக்கொண்டிருந்த குமரகுருபரன் மட்டும் சிரிக்கவில்லை. அன்று பந்தியில் அவர் பாயசத்தைத் தொடவில்லை என்பதைப் பக்கத்தில் இருந்த பிரம்மநாயகி கவனித்தாள். ஏதோ விற்கப்படப்போகிறது என்று அப்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

விற்பதற்கு இருந்தது ஒன்றுதான். கோபாலசமுத்திரத்தில், கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில், அவளுடைய கல்யாணத்தின்போது அம்மா எழுதிக்கொடுத்த வயல். அவள் பெயரில் உலகத்தில் இருந்த ஒரே பொருள் அது. கார் பருவத்துக்குத் தண்ணீர் விட்டு, நடவு முடிந்து, பயிர் பச்சை பிடித்திருந்த நேரம். பயிர் நிற்கும்போது அந்தப் பக்கத்தில் யாரும் வயலைக் கை மாற்றுவதில்லை, அறுத்த பிறகுதான் பேச்சே எடுப்பார்கள். ஆனால் ஆடி பிறக்கப் போகிறது. ஆடியில் பத்திரம் பதியமாட்டார்கள், வண்டியும் எடுக்கமாட்டார்கள். ஆவணி வரை சிங்கப்பூர்க்காரர் காத்திருக்கமாட்டார். குமரகுருபரன் ஆடிக்குப் பயந்த அளவுக்குப் பயிருக்குப் பயப்படவில்லை. வயலில் நடவு நட்ட அன்னத்தாய் விஷயம் கேள்விப்பட்டு, அவர்கள் குடியிருந்த டவுனுக்கே வந்துவிட்டாள். திட்டவுமில்லை, அழவுமில்லை. தெரிந்துகொள்வதற்காகக் கேட்பவள்போலக் கேட்டாள்.

“பயிரு நிக்கயில வித்தா அந்தப் பயிரு எங்கன போவும் தாயி?”

அன்று சாயங்காலம் பிரம்மநாயகி அதைக் கணவரிடம் சொன்னாள். “ஒரு கையெழுத்துதான நாயகி” என்றார் அவர். “வண்டிய உன் பேர்லயே எழுதிருதேன். சந்தோசந்தான?” மறுநாள் பதிவு அலுவலகத்தில் அவள் கையெழுத்துப் போட்டாள். பயத்தினால் போட்டாள் என்று அன்னத்தாய் நினைத்தாள். புருஷன் மேலுள்ள பிரியத்தினால் என்று அக்கம்பக்கத்தார் நினைத்தார்கள். இரண்டும் இல்லை. மாட்டேன் என்றால் ஏன் என்று சொல்லவேண்டும். சொன்னால் அவர் பதில் சொல்வார். அதற்கு மறுபதில், பிறகு அவருடைய அக்கா வருவாள், அவளுக்குக் காப்பி போட்டுக்கொண்டே மறுபடியும் முதலிலிருந்து சொல்லவேண்டும். அந்த அலுவலகத்தில், ஒரு பழைய மின்விசிறிக்குக் கீழே, வீட்டுக்குப் போக இருந்த வழிகளிலேயே குறுக்குவழி கையெழுத்துதான் என்று அவளுக்குப் பட்டது.

ஆடி முதல் தேதி வயலை வாங்கியவர் போய்ப் பார்த்தபோது அங்கே பயிர் இல்லை. மாடு மேய்ந்த அடையாளமும் இல்லை, பிடுங்கிய அடையாளமும் இல்லை. சேறு மட்டும் நாற்று ஊன்றிய குழிகளோடு அப்படியே இருந்தது. அவர் நாற்று வாங்கி மறுபடியும் நட்டுக்கொண்டார். அதே காலையில் டவுனில் ஸ்கூட்டரின் அடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. குமரகுருபரன் பதறிப்போய் வண்ணார்பேட்டையில் பட்டறை வைத்திருந்த நேசையாவிடம் கொண்டுபோனார். நேசையா கீழே படுத்துப் பார்த்து, எழுந்து, இருக்கையைத் தூக்கிப் பார்த்தார். உள்ளே கணுக்கால் ஆழச் சேற்றில் நாற்று வரிசையாக நின்றது. ஒரு தவளை எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனது. “இஞ்சின்ல கோளாறு ஒண்ணுமில்ல சார்வாள்” என்றார் நேசையா. “பயிரு நிக்கு. அம்புட்டுதான்.” குமரகுருபரன் அத்தனையையும் பிடுங்கிச் சாக்கடையில் போட்டார். மறுநாள் காலையில் அவை திரும்ப நின்றன, முன்னைவிடக் கொஞ்சம் உயரமாக. அதன்பிறகு அவர் பிடுங்கவில்லை.

பாபநாசம் அணையில் கால்வாய்க்குத் தண்ணீர் திறக்கிற அன்று பெட்டியில் தண்ணீர் ஏறும், அடைக்கிற அன்று வடியும். தொண்ணூற்றிரண்டு வெள்ளத்தில் இருக்கையைத் தள்ளிக்கொண்டு தண்ணீர் பொங்கி முன்னறையில் முழங்கால் அளவு நின்றது. அதில் கெண்டை மீன்கள் இருந்தன. சைவ வீடு என்பதால் எதிர்வீட்டு மஹ்மூதா பீவி வாளியோடு வந்து அள்ளிக்கொண்டு போனாள். ஒருமுறை கிராம நிர்வாக அலுவலர் ஒருவர் விசாரிக்க வந்தார். நிலம் ஓடிக்கொண்டே இருப்பதால் அது எந்தக் கிராமக் கணக்கிலும் வராது என்று சொல்லி மோர் குடித்துவிட்டுப் போனார். ஒவ்வொரு அறுப்புக்கும் அன்னத்தாய் அரிவாளோடு பஸ் ஏறி வருவாள், வாசலில் வண்டியை நிறுத்தச் சொல்லிக் குனிந்து அறுப்பாள், கூலி நெல்லை முந்தியில் வாங்கி முடிந்துகொள்வாள். பயிர் எங்கே போகும் என்று கேட்டதற்குப் பதில் கிடைத்துவிட்டதால் அதைப்பற்றி அவள் மேற்கொண்டு எதுவும் பேசியதில்லை.

ஊர் பேசியதெல்லாம் வேறு. இந்த வண்டி இந்த விலைக்குத் தகுமா தகாதா என்பதுதான் எட்டு வருஷமும் பேச்சாக இருந்தது. தகாது என்றவர்கள் காரணங்களை வரிசையாகச் சொன்னார்கள். பெட்ரோலைக் குடிக்கிறது. சாமான் சிங்கப்பூரிலிருந்து வரவேண்டும். ரதவீதியில் ஓடும், சந்துக்குள் நுழையாது. வேகத்தடையில் வயிறு தட்டுகிறது. இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு கல்லூரிக்குப் போய்வர இத்தனை பெரிய உடம்பு எதற்கு? தகும் என்று சொன்னவர் பெரும்பாலும் குமரகுருபரன் ஒருவர்தான். அதன் ஓட்டத்தில் ஒரு டம்ளர் தண்ணீர்கூடச் சிந்தாது என்பார். முதுகுவலிக்குச் செலவழிக்கிற வைத்தியச் செலவைக் கழித்துப் பார் என்பார். நெல்லையும் பிற்பாடு வரவில் சேர்த்துக்கொண்டார். “எந்த ஸ்கூட்டர்வே ரெண்டு போகம் வெளையுது?” என்று ஆசிரியர் அறையில் அவர் கேட்க, “அப்பம் நெலத் தீர்வையும் கெட்டுதீயளா அண்ணாச்சி?” என்று பதில் வந்தது. ஒரு வாரம் அவர் அங்கே தேநீர் குடிக்கவில்லை.

பேச்சு முற்றுகிற இடத்திலெல்லாம் அவர் பின்னால் திரும்பி, “நீ சொல்லேன் நாயகி, தகுமா இல்லையா?” என்பார். அவள் சிரிப்பாள். அந்தச் சிரிப்பை எல்லோரும் ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்கள். சொல்லவேண்டுமென்றால் அவளிடம் ஒரு பதில் இருந்தது, அதுதான் அவளை மிகவும் சோர்வடையச் செய்தது. இருக்கை உண்மையிலேயே சுகமாக இருந்தது. சாய்ந்து உட்கார்ந்தால் காலையிலிருந்து சேர்ந்த வலி முதுகிலிருந்து இறங்கிவிடும். கதிர் வருகிற நாள்களில் அடியிலிருந்து ஒரு வெதுவெதுப்பு எழும்பும், பூக்கிற நெல்லின் வாசனை பஸ் புகையையும் மீறி அவளை எட்டும். அம்மாவின் வயல் தன்னைச் சுமந்துகொண்டு போகிறதா, தான் அதன் மேல் ஏறி உட்கார்ந்து அமுக்கிக்கொண்டிருக்கிறோமா என்று அவளால் தீர்மானிக்க முடியவில்லை. விற்றுத் தொலைத்த ஒன்றை இத்தனை சுகமாக அனுபவிக்க முடிகிறதே என்று தன் மேலேயே ஒரு கூச்சம். இதை ஆசிரியர் அறைக்கு எப்படிச் சொல்வது?

வயல் வேலை என்னவோ அவளுடையதாக இருந்தது. கல்யாண வீடுகளில் குமரகுருபரன் மண்டபத்துக்குள் போய்விடுவார். அவள் பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, வெளியே இருக்கையைத் தூக்கி வைத்துக் களை பறிப்பாள். நாங்குநேரிக் கோயில் வாசலில், சாத்தான்குளத்துச் சொந்தக்காரர் வீட்டு வேப்ப மரத்தடியில், கல்லூரிச் சுவரோரத்தில் என்று அவள் களை பறிக்காத நிழல் ஜில்லாவில் குறைவு. எலி பயிரைக் கடித்தால் அவளுக்குத்தான் தெரியும். மழை பொய்த்த வருஷம் குடத்தில் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றியவளும் அவள்தான். அவரைப் பொறுத்தவரை அது வண்டி, அவ்வளவுதான்.

தொண்ணூற்றொன்பது ஆனியில் அவருக்கு ஒரு பழைய கார் படிந்துவந்தது. காரை ஆடிக்கு முன்னால் எடுத்துவிடவேண்டும், அதற்கு ஸ்கூட்டர் போகவேண்டும். மேலப்பாளையத்து வியாபாரி காஜா முகைதீன் நேசையாவின் பட்டறையில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லியனுப்பியிருந்தார். அன்று பாலத்தைத் தாண்டி அவர்கள் வந்துகொண்டிருந்தது அதற்காகத்தான்.

காஜா முகைதீன் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார், டயரை அமுக்கினார், இருக்கையைத் தூக்கிப் பயிரைப் பார்த்தார், நல்ல தூர் கட்டுகிற ரகம் என்றார். கொக்குகள் பட்டறையின் தகரக் கூரையில் வரிசையாக இறங்கின. குமரகுருபரன் டம்ளர் தண்ணீர் கதையைத் தொடங்கியதும் அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“நீங்க சொல்லுதது இருக்கட்டும் அண்ணாச்சி. எட்டு வருசமா பின்னால இருந்தது அக்காதான. அவுக சொல்லட்டும். இந்த வெலைக்குத் தகுமா அக்கா?”

அவர் கேட்டுவிட்டுக் காத்திருந்தார். இத்தனை வருஷத்தில் கேட்டுவிட்டுக் காத்திருந்தவர் அவர் ஒருவர்தான். அதனால் பிரம்மநாயகிக்குச் சிரிப்பு வரவில்லை.

“இருக்கதுக்குச் சொகமா இருக்கும்” என்றாள்.

“பொறவு என்ன” என்று காஜா முகைதீன் தலையாட்டினார். நெல்லைப்பற்றி அவருக்கு ஆட்சேபணை இல்லை, வீட்டில் நோன்புக் கஞ்சிக்கு ஆகும் என்றார். வண்டி அவள் பெயரில் இருந்ததால், குமரகுருபரன் சட்டைப்பையிலிருந்து விற்பனைக் காகிதத்தை எடுத்து இருக்கையின் மேல் விரித்து, பேனாவைத் திறந்து அவளிடம் நீட்டினார்.

“ஒரு கையெழுத்துதான நாயகி.”

அவள் பேனாவை வாங்கிக்கொண்டாள். பட்டறையில் அந்த நேரத்தில் மின்விசிறிகூட இல்லை, வெயில்தான் இருந்தது. மாட்டேன் என்றால் ஏன் என்று சொல்லவேண்டும் என்பது அவள் நினைவுக்கு வந்தது. அவருடைய அக்கா வருவாள் என்பதும் வந்தது. அந்த அலுப்பு முழுவதும் பழைய இடத்திலேயே இருந்தது, ஒரு இம்மியும் குறையவில்லை. அதோடேயே அவள் காகிதத்தை மடித்து ஓரமாக வைத்துவிட்டு இருக்கையைத் தூக்கினாள். நட்டுக் கொஞ்ச நாளே ஆன பயிர் அப்போதுதான் பச்சை பிடித்திருந்தது. ஓரத்தில் ஒரு கோரைப்புல் தலைகாட்டியது. அதைப் பிடுங்கி வெளியே போட்டாள்.

“பயிரு நிக்கு” என்றாள்.

“அறுத்த பொறவு போடுதியா?” குமரகுருபரனின் குரல் தாழ்ந்திருந்தது.

“அறுத்தா அடுத்த நடவு இருக்கு.”

“ஆடி வருது நாயகி.”

“வரட்டும்.”

பேனாவை மூடி அவருடைய சட்டைப்பையில் செருகிவிட்டாள். காஜா முகைதீன் வேறு பக்கம் பார்த்தார். நேசையா ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டு, வேறொரு வண்டியின் சக்கரத்தைக் கழற்றப் போனார். அவள் குவளையில் மொண்டு பெட்டிக்குள் பைய ஊற்றினாள்.