குடுவைப் பாம்பின் இளமை

இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில், கல்லணைக் கால்வாய்த் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்களிலேயே முதுமையை ரத்து செய்துவிட்ட ஒரே மனிதர் இராஜாங்கம். வயது நாற்பத்து மூன்று. அறிவித்தவரும் அவரே, இடம், பஸ் ஸ்டாப் டீக்கடை.

அவருடைய விஞ்ஞானம் எளிமையானது. பள்ளிக்கூட நாளில் தஞ்சாவூரில் ஒரு கண்காட்சிக்குக் கூட்டிப் போனார்கள். அங்கே கண்ணாடிக் குடுவையில், ஸ்பிரிட்டில் ஊறிக்கொண்டு ஒரு நாகப்பாம்பு. ஒரு செதில்கூட உதிரவில்லை. பல வருடமாக அப்படியே இருக்கிறது என்றார் வாத்தியார். இராஜாங்கத்தின் படிப்பு அன்றோடு பூர்த்தியானது.

“ஸ்பிரிட்ல கெடந்தா எதுவும் அழுகாது. வெதச் சொரக்காய அடுப்புக்கு மேல கட்டுறோமே, பொகை பட்டா பூச்சி வருதா? எனக்கு உள்ள ஸ்பிரிட்டு, மேல பொகை. நான் கெட்டுப்போக வழியே இல்ல.”

“அப்ப உன்னைய அடுத்த வருஷம் வெதைக்கலாம்ங்கிற?” என்றார் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர்.

பகலெல்லாம் பீடி, பொழுது சாய்ந்தால் குவார்ட்டர் என்று இராஜாங்கம் தன்னைப் பதப்படுத்திக்கொண்டு வந்தார்.

இரண்டு வருடமாகக் குறுவை பொய்த்தது. மகள் எழில்மொழிக்குத் திருச்சியில் காலேஜ். ஆட்களை வளைகுடாவுக்கு அனுப்பும் அதிராம்பட்டினம் ஜாஃபர் சாதிக் கத்தாரில் ஒரு சூப்பர்வைசர் வேலை பிடித்துக் கொடுத்தார்.

“நாப்பத்தஞ்சுக்குள்ள கேக்குறாங்கண்ணே. மெடிக்கல் மட்டும் தேறிட்டா டிக்கெட்டுதான்.”

மெடிக்கலுக்கு முந்தின ராத்திரி இராஜாங்கம் தலைக்கும் மீசைக்கும் மை பூசினார். காய்வதற்குள் வந்த இருமலில் தலையணைக்குத்தான் இளமை திரும்பியது. அந்த இருமலுக்குத் தெருநாய்கள் முன்பெல்லாம் குரைக்கும். இப்போது எழுந்து வேறு தெருவுக்குப் போய்விடுகின்றன.

மெடிக்கல் சென்டர் மாடியில் இருந்தது. பாதிப் படியில் நின்று சுவர் காலண்டரை வெகுநேரம் ரசித்தார். அது போன வருடத்துக் காலண்டர்.

டாக்டர் ஃபஹ்மிதா, கூட வந்த வேம்புவைப் பார்த்தார். “அப்பாவுக்கு எத்தன வருஷமா இந்த இருமல்?”

“அப்பா இல்லீங்க டாக்டர், வீட்டுக்காரரு. ரெண்டு பேரும் ஒரே கிளாசு.”

ஒரு குழாயை வாயில் வைத்து ஊதச் சொன்னார்கள். “இன்னும் ஊதுங்க, இன்னும், இன்னும்.” ஊதுவதற்கு உள்ளே ஒன்றும் மிச்சமில்லை. டாக்டர் திரையைப் பார்த்தார்.

“உங்களுக்கு நாப்பத்து மூணு. உங்க நுரையீரலுக்கு எழுபத்தொண்ணு.”

“பாஸ்போர்ட்டு எனக்குத்தாங்க டாக்டர் எடுத்திருக்கு. அதுக்கில்ல.”

டாக்டர் சிரிக்கவில்லை. இராஜாங்கத்தின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். கண் மஞ்சளாக இருந்தது. எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து, ஓரிடத்தில் விரலை வைத்து, எடுக்காமல் நின்றார்.

“விசா கெடக்கட்டும். இன்னிக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போங்க. நாளைக்குன்னு வச்சுக்காதீங்க.”

கீழே தெருவுக்கு வந்ததும் இராஜாங்கத்தின் கை பழக்கத்தில் பீடிக்குப் போய், பாதியில் நின்றது. மை கலந்த வியர்வை நெற்றியில் இறங்கிக்கொண்டிருந்தது.

“வேம்பு, அந்தப் பாம்பு இன்னும் அப்படியேதான இருக்கும்?”

“நானும்தான் அன்னிக்குப் பாத்தேன்,” என்றாள் வேம்பு. ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தினாள்.

குடுவையில் போடும்போதே அது செத்த பாம்பு.