புனே போய்வரும் நேரம்

ராபின் ஃபைலைத் திறக்கச் சொல்லி மவுஸைத் தட்டிவிட்டு, பழக்கதோஷத்தில் டீ டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்தான். பாதிதான் எழுந்திருப்பான், வரைபடம் திறந்துவிட்டது. பஸ்ஸில் யாரோ தனக்குத்தான் இடம் விடுகிறார்கள் என்று உட்காரப் போய், அது பின்னால் நிற்கும் கர்ப்பிணிக்கு என்று தெரிந்துகொண்டவனைப் போல, முழங்காலை மடக்கியும் மடக்காமலும் கொஞ்ச நேரம் நின்றான். மூன்று வாரமாக இதே கதைதான். கணினி பழகிவிட்டது, முழங்கால் பழகவில்லை.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் தகடு வெட்டும் அந்தக் கம்பெனியின் வரைபடங்கள் எல்லாம் புனேயில், தலைமை அலுவலகத்து சர்வரில் இருந்தன. இங்கே ஒரு கோட்டை நகர்த்த வேண்டுமென்றால் ஃபைல் அங்கிருந்து கிளம்பி வர வேண்டும். திறக்க நாலரை நிமிஷம், சேவ் செய்ய ஆறு. பதினோரு வருஷமாக ராபின் கவரைப்பேட்டையிலிருந்து ரயில் பிடித்து ஏழரைக்கே வந்து, அன்றைக்கு எதையெல்லாம் வெட்டுவார்கள் என்று யோசித்து, பன்னிரண்டு ஃபைல்களைத் திறந்து வைத்துக்கொள்வான். சாயங்காலம் வரைக்கும் மூடமாட்டான். ஒன்பது மணிக்கு வருகிறவர்கள் நாலரை நிமிஷம் காத்துக் கிடக்க மனமில்லாமல் அவனிடம்தான் வருவார்கள். "ராபின் சார், அந்த பிராக்கெட் உங்க கைல கீதா?" அதற்கு "கீது" என்று சொல்வதில் இருந்த சுகம் சம்பள உயர்வில்கூட இல்லை. சம்பள உயர்வே இல்லை என்பது வேறு விஷயம்.

அந்தச் சுகத்தில்தான் நௌஷீன் மண்ணைப் போட்டாள். பழவேற்காட்டுப் பெண். ஆறு மாதத் தற்காலிக வேலை, இந்த மாதக் கடைசியில்தான் நிரந்தரமாகுமா ஆகாதா என்று தெரியும். மூலையில் சும்மா கிடந்த பழைய கணினி ஒன்றைத் துடைத்து வைத்து, ஏதோ புரோகிராம் எழுதிப் போட்டாள். புனேயிலுள்ள ஃபைல்களின் நகல் இனி இங்கேயே இருக்கும். ஒருவர் ஒன்றைத் திறந்தால் அந்தக் கணினி புனேயிடம் "மாறியிருக்கிறதா?" என்று ஒரே ஒரு வார்த்தை கேட்கும். இல்லையென்றால் இங்கிருப்பதையே நீட்டிவிடும். மாற்றினால் முழு ஃபைலையும் அனுப்பாது, மாறிய துண்டை மட்டும் அனுப்பும். அடுத்து எந்த ஃபைல் கேட்பார்கள் என்றுகூட ஊகித்து முன்கூட்டியே வரவழைத்து வைத்துவிடும்.

இதை விளக்க அவள் ஒரு கூட்டம் போட்டபோது ராபின் கேட்டுக்கு வெளியே நின்று வடை தின்றுகொண்டிருந்தான். பசியில்லை, எதிர்ப்பு. வடை வேறு ஊசிப்போயிருந்தது.

மறுநாள் அவளே அவன் மேசைக்கு வந்தாள். "சார், அந்த ஊகம் எல்லாம் உங்களுதுதான். நீங்க காலைல எந்தெந்த ஃபைலத் தொறக்குறீங்கன்னு ரெண்டு மாசம் லாக்ல பதிவு பண்ணேன். அதப் பாத்துதான் அது கத்துக்கிச்சு. கூட்டத்துலயும் சொன்னேன் சார், எல்லாரும் கை தட்டுனாங்க."

"அப்டியாம்மா. சந்தோசம்" என்றான் ராபின். வீட்டில் திருடியவன் திரும்பி வந்து, உங்கள் பீரோ நல்ல உறுதி என்று பாராட்டினால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. அவன் கேட்காத கைதட்டல் வேறு காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. பதினோரு வருஷத்தில் அவனுக்கு யாரும் கை தட்டியதில்லை. அப்பாவியாகச் சிரிக்கும் அந்த முகத்தைப் பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது. ஊசிப்போன வடையாகவும் இருக்கலாம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். ஆனாலும் விடவில்லை. இப்போதும் ஏழரைக்கே வந்து பன்னிரண்டு ஃபைல்களைத் திறந்து, மூடாமல் காவல் காத்தான். யாரும் வந்து கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை வாடிக்கையாளர் போன் செய்தார். பிராக்கெட் தகட்டின் துளையைப் பன்னிரண்டு மில்லிமீட்டர் தள்ள வேண்டும். ராபின் தள்ளினான், சேவ் செய்தான். மதியம் லேசர் மெஷின் குப்புராஜ் அறுபத்து நாலு தகடுகளை வெட்டி முடித்தான். அத்தனையிலும் துளை பழைய இடத்திலேயே இருந்தது.

மேனேஜர் அருணாச்சலம் கத்தியது கேன்டீன் வரைக்கும் கேட்டது. "ராபின், நீ சேவ் பண்ணியா இல்லியா?"

"பத்தேகாலுக்கே பண்ட்டேன் சார்." அதோடு நிறுத்தியிருக்கலாம். நாக்கு நிற்கவில்லை. "பழைய மொறைல பதினோரு வருசம் ஓட்னோம், ஒரு நாளும் இப்டி ஆனதில்ல."

அருணாச்சலம் நௌஷீனைப் பார்த்தார். "நாலு மணிக்கு புனேலேர்ந்து போன் வரும். அந்தப் பொட்டியக் கழட்டியாச்சுன்னு சொல்லப் போறேன். உன் வேலையப் பத்தியும் அப்பவே பேசிக்கிறேன்."

ராபினுக்குள் யாரோ மேளம் அடித்தார்கள். அவள் அழுதிருந்தால் அது இன்னும் பலமாகக் கேட்டிருக்கும். அவள் அழவில்லை. தன் இடத்துக்குப் போய் லாக்கை வரி வரியாகப் பார்த்துவிட்டு, அரை மணி கழித்து வந்து நின்றாள்.

"சார், தப்பா நெனச்சிக்காதீங்க. மாத்திட்டு ஃபைல மூடிட்டீங்கல்ல? மூடுனாத்தான் இது வெளிய அனுப்பும். சேவ் மட்டும் பண்ணா உங்க சிஸ்டத்துலயே நிக்கும். கூட்டத்துல சொன்னேனே."

"பின்ன? மூடாம?" என்றான் ராபின்.

அவள் போன பிறகுதான் திரையின் அடியில் பார்த்தான். பன்னிரண்டு ஃபைல்களும் வரிசையாகத் திறந்திருந்தன. நான்காவது, பிராக்கெட். துளை புது இடத்தில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது, அவன் ஒருவனுக்கு மட்டும்.

இப்போது மூடினால் மூடிய நேரம் அந்தக் கணினியில் பதிவாகிவிடும். மூடாமல் கரண்டே போய்விட்டால்? திறந்து கிடந்ததற்கே அடையாளம் இருக்காது. யார் என்ன கண்டார்கள், அவள் புரோகிராம் விழுங்கிவிட்டது என்றுதான் ஆகும். மணி மூன்றரை. ராபின் மேசைக்கு அடியில் மண்டியிட்டான். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் தவிர வேறு நாளில் அவன் மண்டியிட்டது அன்றைக்குத்தான். பிளக்கில் கையை வைத்தான்.

தடுப்புக்கு அந்தப் பக்கம் நௌஷீன் போனில் பேசுவது கேட்டது. "இல்ல குப்புராஜண்ணே, ராபின் சார்கிட்ட கேட்டுட்டேன். மூடிட்டாராம். அவர் சொன்னா சரியாத்தான் இருக்கும். நான்தான் எங்கியோ கோட்ட உட்டுக்கீறேன். இருங்க, கீழ வர்றேன், தகட்ட ஒருவாட்டி பாக்கணும்."

இந்த அலுவலகத்தில் அவன் பதினோரு வருஷம் கேட்க ஆசைப்பட்ட வாக்கியம் அது. அவர் சொன்னா சரியாத்தான் இருக்கும். அதைக் கேட்கும்போது அவன் தவளை மாதிரி மடங்கிக்கொண்டு, ஒட்டடைக்கு நடுவில் பிளக்கைப் பிடித்துக்கொண்டிருந்தான். எழுந்த வேகத்தில் மேசை மண்டையில் இடித்தது. தேய்த்துக்கொண்டே படியிறங்கினான். கணினி தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

ஷெட்டில் அறுபத்து நாலு தகடுகளையும் தள்ளுவண்டியில் ஒன்றையொன்று ஒட்டிச் செங்குத்தாக அடுக்கியிருந்தார்கள். குப்புராஜ் அவனைப் பார்த்து, "வா ராபினு, நம்ம நௌஷீன் தங்கச்சி பேஜாருல கீது, இன்னான்னு பாரு" என்றான். வண்டியின் மறுமுனையில் துப்பட்டா நுனி மட்டும் தெரிந்தது. ராபின் இந்தப் பக்கத்தில் குனிந்தான். அறுபத்து நாலு தப்பான துளைகளும் ஒரே நேராக, குழாய் மாதிரி நீண்டு போயின. அந்தக் கோடியில் வெளிச்சத்துக்குப் பதில் ஒரு கண் இருந்தது. அவளும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார்?"

"மூடலம்மா" என்றான் ராபின் துளைக்குள். குரல் தகடுகளில் மோதி அவனுக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. "இன்னும் தொறந்துதான் கீது. வா, மேல போய் சார்கிட்ட சொல்லலாம்."

கண் இமைக்கவில்லை. அது கோபமா, சிரிப்பா, வெறும் கண்தானா என்று அத்தனை தகடுகளைத் தாண்டி அவனால் சொல்ல முடியவில்லை. பிறகு அது விலகியது. அறுபத்து நாலு துளைகள் வழியாகவும் ஷெட்டின் வெயில் நேராக வந்து அவன் முகத்தில் ஒரு ரூபாய் அளவுக்கு விழுந்தது.